எல்லாமே ஃபைல்தான், சரி... திறக்க யாருக்கு அனுமதி?

"யூனிக்ஸில் எல்லாமே ஃபைல்." இந்த ஒரு வரிக்கு ரெண்டு மார்க். "கீபோர்டு, பிரிண்டர், ஹார்ட் டிஸ்க் ஆகிய சாதனங்களும் ஃபைல்களாகவே கருதப்படும்" என்று இன்னொரு வரி சேர்த்தால் பேப்பர் திருத்துகிறவர் சந்தோஷமாகி விடுவார். கைடு, சீனியர் கொடுத்த நோட்ஸ், ஜெராக்ஸ் கடையில் பண்டலாக விற்கும் முக்கிய வினா விடை என்று எதைப் புரட்டினாலும் இதே ரெண்டு வரிதான். அந்த ஃபைல் எங்கே இருக்கிறது, திறந்தால் என்ன வரும், யார் திறக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் எக்ஸாமுக்கு வராதுப்பா" என்பார்கள்.

இந்தப் பதிவு அந்த வரியோடு ஒரு சண்டை. வரி தப்பு என்று சொல்ல வரவில்லை. அதில் உயிரான பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, வெறும் வசதியான பகுதியை மட்டும் நமக்கு ஊட்டுகிறார்கள் என்கிறேன். வெட்டப்பட்ட பகுதிக்குப் பெயர் அனுமதி.

(கமாண்டுகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். மெஷினில் அடிக்கும்போது இங்கிலீஷில் அடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது முறைக்கும் :-))

முதலில் அந்த ஃபைல் எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம். ஏதாவது ஒரு லினக்ஸ் மெஷினில் டெர்மினலைத் திறந்து "எல்எஸ் -எல் /டெவ்" என்று அடியுங்கள். வரிசை வரிசையாகக் கொட்டும். சாதாரண ஃபைல் என்றால் வரியின் முதல் இடத்தில் ஒரு கோடு இருக்கும், டைரக்டரி என்றால் 'டி'. இங்கே பெரும்பாலும் 'சி' அல்லது 'பி'. 'சி' என்றால் எழுத்து எழுத்தாக ஓடி வரும் சாதனம், கீபோர்டு மாதிரி. 'பி' என்றால் கட்டம் கட்டமாக எடுத்து வைக்கும் சாதனம், ஹார்ட் டிஸ்க் மாதிரி. அதற்கு அப்புறம்தான் விசேஷம். வழக்கமாக ஃபைலின் அளவு இருக்கும் இடத்தில் அளவு இருக்காது, கமா போட்டு ரெண்டு எண் இருக்கும். முதல் ஹார்ட் டிஸ்க்கான எஸ்டிஏ-வுக்கு 8, 0. எதைப் போட்டாலும் விழுங்கிவிடும் 'நல்' சாதனத்துக்கு 1, 3. யுஎஸ்பி வழியாக மாட்டிய சீரியல் சாதனத்துக்கு 188, 0.

அளவு ஏன் இல்லை? உள்ளே ஒன்றுமே இல்லை, அதனால்தான். ரேஷன் கார்டை நினைத்துக்கொள்ளுங்கள். கார்டுக்குள் அரிசி கிடையாது. ஆனால் கார்டு இல்லாமல் அரிசி கிடையாது. கார்டில் கடை எண் இருக்கும், உங்கள் கார்டு எண் இருக்கும், யார் யார் வாங்கலாம் என்று பெயர்கள் இருக்கும். டெவ் டைரக்டரியில் இருக்கும் ஃபைலும் அவ்வளவுதான். முதல் எண் எந்த டிரைவரிடம் போக வேண்டும் என்பது, கடை எண் மாதிரி. இரண்டாவது எண் அந்த டிரைவர் கவனிக்கும் சாதனங்களில் எது என்பது. பெயர்ப் பட்டியல்தான் அந்த வரியின் தொடக்கத்தில் வரும் ஆர், டபிள்யூ எழுத்துகளும், உரிமையாளர் பெயரும், குழுவின் பெயரும். நீங்கள் ஃபைலைத் திறந்ததும் கெர்னல் பட்டியலைப் பார்க்கும். பெயர் இருந்தால் டிரைவரிடம் அனுப்பும். இல்லாவிட்டால் வாசலிலேயே "பெர்மிஷன் டினைடு".

இந்த அமைப்பைச் செய்தவர்கள் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும், பெல் லேப்ஸில். (நம்ம சென்னை ரிச்சி தெருவுக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை. பெயர்ப் பொருத்தம் மட்டும் பிரமாதம்.) யூனிக்ஸ் பற்றி அவர்கள் 1974 ஜூலையில் வெளியிட்ட கட்டுரையில் சாதனங்களை ஏன் ஃபைலாக வைத்தோம் என்பதற்கு மூன்று காரணம் சொல்கிறார்கள். ஃபைலில் எழுதுவதும் சாதனத்துக்கு எழுதுவதும் முடிந்தவரை ஒரே மாதிரி ஆகிவிடுகிறது, இது ஒன்று. ஃபைல் பெயர் கேட்கும் புரோகிராமுக்குச் சாதனத்தின் பெயரைக் கொடுத்தாலும் வேலை செய்யும், இது இரண்டு. சாதாரண ஃபைலுக்கு இருக்கும் அதே பாதுகாப்பு ஏற்பாடு சாதனத்துக்கும் பொருந்தும் என்பது மூன்று.

நம் நோட்ஸ் முதலாவதோடு நின்றுவிடும். நல்ல வாத்தியார் கிடைத்தால் இரண்டாவது வரும். மூன்றாவதை எந்த ஜெராக்ஸிலும் நான் பார்த்ததில்லை.

அதனால் என்ன போச்சு என்பீர்கள். நிறைய போச்சு. ஃபைனல் இயர் புராஜெக்ட் சீசனில் எந்த லேபுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஆர்டுயினோ போர்டை யுஎஸ்பியில் மாட்டுவார்கள், புரோகிராமை ஏற்றுவார்கள், "பெர்மிஷன் டினைடு" என்று வரும். உடனே ஒரு அசரீரி கேட்கும்: "தம்பி, சூடோ போட்டு சிஎச்மாட் 777 அடிப்பா, ஓடிடும்." கடைக்காரர் சொல்வார், சீனியர் அண்ணன் சொல்வார், யூடியூபும் சொல்லும். ஓடவும் செய்யும்! உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் எழுதலாம் என்று கதவைக் கழற்றி வீசிவிட்டால் ஏன் ஓடாது? ஒயரைப் பிடுங்கி மறுபடி மாட்டினால் அந்த ஃபைல் புதிதாகப் பிறக்கும், பழைய அனுமதிகளோடு. மறுபடி 777. மூன்றாவது நாள் அலுத்துப்போய் மொத்த சாஃப்ட்வேரையும் ரூட்டாகவே ஓட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

உண்மையில் அங்கே நடந்தது கோளாறே இல்லை, சிஸ்டம் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. அந்த ஃபைலின் உரிமையாளர் ரூட், குழு 'டயல்-அவுட்' என்று எழுதியிருக்கும் (டெபியன், உபுண்டு வகைகளில்). மோடம் வைத்து போன் போட்ட காலத்துப் பெயர். யார் யார் வெளியே டயல் பண்ணலாம் என்பதற்கான குழு. அதில் உங்கள் பெயரைச் சேர்க்க ஒரே ஒரு கமாண்டு, பிறகு ஒரு முறை லாக்-அவுட் பண்ணி வந்தால் முடிந்தது. ஒரே ஒரு தடவை செய்தால் போதும். இதைச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் ஆகுமா?

சீரியல் போர்டில் 777 போட்டால் பெரிய நஷ்டம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். பழக்கம்தான் பயமாக இருக்கிறது. அதே கையோடு ஹார்ட் டிஸ்க்கின் ஃபைலுக்குப் போடுங்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாக வைத்த பூட்டுகள் அத்தனையும் அந்த நொடியில் வீண். டிஸ்க்கை நேராகத் திறந்து கட்டம் கட்டமாகப் படிக்கிறவனுக்கு உள்ளே இருக்கும் ஃபைல்களின் அனுமதி எழுத்துகள் வெறும் கோலம். லேப் சர்வரில் இன்டர்னல் வினாத்தாளை 'நான் மட்டும் படிக்கலாம்' என்று வைத்திருக்கும் மேடம் பாவம்.

அடுத்து கீபோர்டு. இதற்கும் டெவ்-க்குள் 'இன்புட்' என்ற டைரக்டரியில் ஒரு ஃபைல் உண்டு. ரூட்டாக இருந்து படித்தால் ஒவ்வொரு கட்டையை அழுத்தும்போதும் 24 பைட் பதிவுகளாக வரும் (64 பிட் மெஷினில்): எந்த நேரம், எந்தக் கட்டை, அழுத்தியதா விட்டதா. கீபோர்டுக்குத் தமிழும் தெரியாது இங்கிலீஷும் தெரியாது என்பது இங்கேதான் புரியும். 1999-ல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 முறையில் நான் 'க' அடிக்கிறேன், நீங்கள் இங்கிலீஷில் 'ஹெச்' அடிக்கிறீர்கள். ஃபைலில் ரெண்டு பேருக்கும் வருவது 35 என்ற ஒரே எண்தான். எழுத்தாக மாற்றுவது மேலே இருக்கும் சாஃப்ட்வேர். ரசிக்க வேண்டிய விஷயம். கூடவே உறைக்க வேண்டிய விஷயமும் ஒன்று இருக்கிறது. நீங்கள் பாஸ்வேர்டு அடித்தாலும் இதே எண்கள்தான் வரும். அந்த ஃபைலை யாரும் படிக்கலாம் என்று விட்டால், அதே மெஷினில் தொலைவிலிருந்து லாகின் பண்ணிய இன்னொருத்தர் உங்கள் விரலை உட்கார்ந்து எண்ணலாம். அதனால்தான் சாதாரண பயனருக்கு அது மூடியே இருக்கிறது. "எல்லாமே ஃபைல்" என்ற வரியை மனப்பாடம் செய்தவருக்கு இது தெரியாது. அந்த ஃபைலின் அனுமதி எழுத்துகளை ஒரு தடவை பார்த்தவருக்குத் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு பழைய ஃபார்வர்டு மெயிலை இழுத்தே ஆக வேண்டும். "அதிசயம்! விண்டோஸில் 'கான்' என்ற பெயரில் ஃபோல்டர் உருவாக்கவே முடியாது! பில் கேட்ஸுக்கே காரணம் தெரியாது!" மெயிலில் சுற்றி, ஆர்க்குட்டில் சுற்றி, பிறகு வாட்ஸ்அப்பிலும் சுற்றியது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவர்களே அனுப்பினார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். அதிசயமும் இல்லை, மர்மமும் இல்லை. கான் என்பது கன்சோல், அதாவது கீபோர்டும் திரையும் சேர்ந்த சாதனம். டாஸ் காலத்தில் "காப்பி கான்" என்று அடித்து ஃபைல் உருவாக்கியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பிரிண்டருக்கு பிஆர்என், சீரியல் போர்டுக்கு காம்1. இந்தப் பெயர் வைக்கும் வழக்கமே சிபி/எம் காலத்திலிருந்து வந்தது. 1981-ல் வந்த முதல் டாஸில் டைரக்டரி என்ற சமாச்சாரமே கிடையாது. 1983-ல் 2.0 வந்தபோது டைரக்டரி வந்தது. பழைய புரோகிராம்கள் உடையக் கூடாது என்பதற்காக இந்தச் சாதனப் பெயர்கள் எல்லா டைரக்டரியிலும் இருப்பதாகவே வைத்துக்கொண்டார்கள். அந்தப் பேய் விண்டோஸுக்கும் குடிவந்தது. விண்டோஸ் 98-ல் "கான்\கான்" என்று முடியும் ஒரு பாதையைத் திறந்தாலே மெஷின் மல்லாக்க விழும். 2000-ல் மைக்ரோசாஃப்ட் இதற்கு ஒரு பேட்ச் வெளியிட்டது.

இந்தக் கதையை எதற்குச் சொன்னேன்? சாதனத்துக்கு ஃபைல் மாதிரி பெயர் வைக்கும் வசதி டாஸிலும் இருந்தது. முதல் காரணம் இருந்தது, இரண்டாவது காரணம் இருந்தது. மூன்றாவதுதான் இல்லை. ஒரே ஆள் உட்காரும் மெஷின், யாருக்கு அனுமதி என்ற கேள்வியே அங்கே எழவில்லை. (பிறகு வந்த விண்டோஸ் என்டி குடும்பத்தில் சாதனங்களுக்கும் அனுமதிப் பட்டியல் உண்டு. நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.) ஆக, யூனிக்ஸ் என்று பெயர் போட்டு நம் நோட்ஸ் சொல்லிக் கொடுப்பது 1981-ம் வருடத்து டாஸை!

லினக்ஸ் ரசிகர்களுக்கும் கொஞ்சம் கொடுக்க வேண்டும். "எங்க ஊர்ல எல்லாமே ஃபைல்" என்று காலரைத் தூக்கிவிடும் நண்பர்களே, டெவ்-க்குள் போய் உங்கள் நெட்வொர்க் கார்டைக் காட்டுங்கள் பார்க்கலாம். இருக்காது. நெட்வொர்க்குக்கு 1983-ல் 4.2 பிஎஸ்டியோடு சாக்கெட் என்ற தனி வழி வந்தது, லினக்ஸும் அதையே எடுத்துக்கொண்டது. நெட்வொர்க்கையும் ஃபைலாக்கிக் காட்டியது அதே பெல் லேப்ஸில் பிறகு செய்த பிளான் 9. அதை எத்தனை பேர் ஓட்டுகிறோம்? சரி, ஃபைலாக இருப்பவையாவது முழுசாக ஃபைலா என்றால் அதுவும் இல்லை. சீரியல் போர்டின் வேகத்தை மாற்ற 'ரீட்', 'ரைட்' ரெண்டும் உதவாது. ஐ-ஓ-கன்ட்ரோல் என்ற கொல்லைப்புற வழியாகத்தான் போக வேண்டும். 1979-ம் வருடத்து ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே இந்த வழி இருக்கிறது. அதாவது "எல்லாமே" என்ற சொல் சும்மா ஒரு உற்சாகம். 'பெரும்பாலானவற்றுக்குப் பெயரும் அனுமதியும் ஃபைல் மாதிரியே' என்று சொன்னால் சரியாக இருக்கும். ரெண்டு மார்க் விடைக்கு நீளம் கூடிவிடும்.

இதெல்லாம் கம்ப்யூட்டர்காரர்களின் உள்ளூர்ச் சண்டை என்று நினைப்பவர்களுக்கு எங்கள் ஊர் உதாரணம் ஒன்று. நெல்லிக்குப்பம் என்றால் சர்க்கரை ஆலை. சீசனில் கடலூர் ரோட்டில் கரும்பு ஏற்றிய டிராக்டரும் லாரியும் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு எடைமேடை என்றால் என்னவென்று விளக்க வேண்டாம். எந்த ஆலையையும் எந்த மேடையையும் நான் குறை சொல்லவில்லை, எடைமேடை பொதுவாக எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் சொல்கிறேன். பிளாட்பாரத்துக்கு அடியில் எடையை உணரும் லோடு செல்கள் இருக்கும். அவற்றின் மின் சமிக்ஞையை எண்ணாக்கிக் காட்டும் பெட்டி ஒன்று, சிவப்பு எண் ஓடுமே, அது. அந்தப் பெட்டியிலிருந்து ஒரு சீரியல் ஒயர் கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கே இருக்கும் புரோகிராம் எண்ணைப் படித்துச் சீட்டு அச்சடிக்கும். கரும்போ நெல்லோ மணிலாவோ, விவசாயி கையில் வாங்குவது அந்தச் சீட்டைத்தான்.

அந்தக் கம்ப்யூட்டர் லினக்ஸாக இருந்தால் எடைமேடையின் பெயர் '/டெவ்/டிடிஒய்எஸ்0'. வேகத்தைச் சரியாக வைத்துவிட்டு, "கேட்" என்ற சாதாரண கமாண்டைக் கொடுத்தால் எடை வரிவரியாகத் திரையில் ஓடும். லாரி ஏறும்போது எண் ஏறும். எடையைப் பார்க்க லட்ச ரூபாய் சாஃப்ட்வேர் தேவையில்லை. அப்படியென்றால் அந்த ஃபைலை யார் திறக்கலாம் என்பது ஒரு சில்லறைக் கேள்வியா? எடைக்கருவியைச் சரிபார்த்து முத்திரை வைக்கச் சட்டம் இருக்கிறது, 2009-ம் வருடத்து சட்டமுறை எடையளவுச் சட்டம். முத்திரை வைத்த கருவிக்கும் கையில் வரும் சீட்டுக்கும் நடுவே ஒரு ஒயரும், ஒரு ஃபைலும், ஒரு புரோகிராமும் உட்கார்ந்திருக்கின்றன. அந்த மெஷினை அமைத்துக் கொடுக்கப் போகிறவர் யார்? நம் லேபில் "777 போடுப்பா, ஓடிடும்" என்று கற்றுக்கொண்டு பாஸான அதே பையன்தான். எடை படிக்கும் புரோகிராமுக்கென்று தனிப் பயனர், தனிக் குழு, மற்றவர்களுக்குக் கதவடைப்பு என்று அவனுக்குத் தோன்றுமா? யாரும் சொல்லித் தராதபோது எப்படித் தோன்றும்?

சொல்லித் தர வாய்ப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு எல்காட் வழியாக லட்சக்கணக்கில் வாங்கிக் கொடுத்தார்கள். விண்டோஸோடு சேர்த்து பாஸ் லினக்ஸும் அதில் வந்தது. பாஸ் என்பது டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் உருவாக்கியது, தமிழிலும் மெனு காட்டும். யோசித்துப் பாருங்கள், கிராமத்துப் பிள்ளைகள் கைக்கு முழுதாக ஒரு யூனிக்ஸ் வகை சிஸ்டம், டெவ் டைரக்டரியோடு, காசில்லாமல்! உலகத்தில் எத்தனை ஊருக்கு இந்தக் கொடுப்பினை உண்டு? என்ன ஆயிற்று என்பது உங்களுக்கே தெரியும். "அது எதுக்கு இடத்த அடைச்சுக்கிட்டு" என்று பாஸை அழித்துவிட்டுப் படம் ஏற்றிக் கொடுக்கும் கடைகள் முளைத்தன. பையன்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. பெட்டியைக் கொடுத்தவர்கள், அதைத் திறந்து காட்ட வாத்தியார்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்க வேண்டும். வாத்தியார்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அவர்கள் படித்ததும் அதே ஜெராக்ஸ்தானே.

லேப்டாப்பில் கேமரா இருக்கும். லினக்ஸில் அதன் பெயர் 'வீடியோ0'. "எஃப்யூசர்" என்ற கமாண்டுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தால், இந்த நிமிடம் எந்த புரோகிராம் கேமராவைத் திறந்து வைத்திருக்கிறது என்று அதன் எண்ணைச் சொல்லும். பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் தன் ரூமில் வைத்திருக்கும் லேப்டாப்பின் கேமரா திறந்திருக்கிறதா என்று தானே பார்த்துக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டாம். கேமரா ஒரு ஃபைலாக இருப்பதால் கிடைக்கும் உரிமை இது. கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டு என்று அறிவுரை சொல்லும் அண்ணன்கள் ஆயிரம் பேர், இந்த ஒரு கமாண்டைச் சொன்னவர்கள் எத்தனை பேர்?

போன் வந்துவிட்டது, இனி இதெல்லாம் எதற்கு என்கிறார்கள். ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான், அங்கேயும் டெவ் இருக்கிறது. ஒவ்வொரு ஆப்பும் அங்கே தனித்தனிப் பயனர். சாதாரண ஆப் எதுவும் கேமராவின் ஃபைலை நேராகத் திறக்க முடியாது. அதற்கென்று இருக்கும் சர்வீஸிடம் கேட்க வேண்டும், அது உங்களிடம் "அனுமதிக்கவா?" என்று கேட்கும். நாம் படிக்காமலே 'அலவ்' அமுக்குகிறோமே, அந்தக் கேள்விக்கு அடியில் அஸ்திவாரமாக இருப்பது 1974-ல் சொன்ன அந்த மூன்றாவது காரணம். (அதன்மேல் எஸ்இ-லினக்ஸ் என்று இன்னும் ஒரு காவல் உண்டு. அது தனிப் பதிவுக்கான கதை.)

கடைசியாக ஒரு ஆட்சேபம் வரும், எனக்கும் வந்தது. "பசங்க கையில ரூட் பாஸ்வேர்டைக் கொடுத்தா லேப் என்னத்துக்கு ஆகும்?" ஐயா, கொடுக்கவே வேண்டாம். பார்ப்பதற்கு ரூட் தேவையே இல்லை. ஒரு லேப் ஹவர் மட்டும் கொடுங்கள். ரெண்டு பேர் ஒரே சர்வரில் லாகின் பண்ணட்டும். "டிடிஒய்" என்று அடித்தால் அவரவர் டெர்மினலின் ஃபைல் பெயர் வரும். தன் டெர்மினலின் பெயருக்கு ஒரு வரியை 'எக்கோ' பண்ணினால் தன் திரையிலேயே விழும். பக்கத்தில் இருப்பவன் டெர்மினலுக்குப் பண்ணினால் "பெர்மிஷன் டினைடு". ஆனால் "ரைட்" என்ற கமாண்டு வழியாக அனுப்பினால், அதற்கு 'டிடிஒய்' குழுவின் அதிகாரம் கொடுத்திருக்கும் சிஸ்டங்களில் போய்ச் சேரும்! எப்படி? அந்தக் கமாண்டு மட்டும் 'டிடிஒய்' குழுவின் அதிகாரத்தோடு ஓடுகிறது, ஃபைலில் அந்தக் குழுவுக்கு எழுதும் அனுமதி இருக்கிறது. இப்போது பக்கத்தில் இருப்பவனை "மெசேஜ் என்" (எம், ஈ, எஸ், ஜி, ஒரு இடைவெளி, என்) என்று அடிக்கச் சொல்லுங்கள். இனி ரைட்டும் போகாது. அவன் டெர்மினல் ஃபைலுக்கு "எல்எஸ் -எல்" போட்டுப் பாருங்கள், குழுவுக்கான டபிள்யூ இருந்த இடத்தில் ஒரு கோடு இருக்கும்.